இசிஹெச்எஸ் பட்டியலில் மறுவாழ்வு மருத்துவர்: மதுரை வட்டாரத்தில் எது மாறும், எங்கே சிக்கும்

உசிலம்பட்டிப் பக்கமிருந்தோ டி.கல்லுப்பட்டிப் பக்கமிருந்தோ ஒரு முன்னாள் படைவீரரைப் பக்கவாதத்தோடு மதுரைக்குக் கொண்டுவந்தால், முதல் பத்து நாளைக்குப் பெரிய குறை இருக்காது. சிடி ஸ்கேன், நரம்பியல் மருத்துவர், தேவைப்பட்டால் ஐசியு என எல்லாம் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இசிஹெச்எஸ்ஸின் அட்டையில் கைப்பணம் கட்டாமல் நடந்துவிடும். அதன்பின் டிஸ்சார்ஜ் தாளின் கடைசி வரியில் 'பிசியோதெரபி தொடரவும்' என்று எழுதி வீட்டுக்கு அனுப்புவார்கள். எந்தப் பயிற்சி, வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை வாரம்? தோள் மூட்டு இறங்கியிருக்கிறதா? விழுங்கும்போது புரையேறுகிறதா? சிறுநீர்க் குழாயை எப்போது எடுப்பது? வீட்டுக் கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி நுழையுமா? அந்த ஒரு வரிக்குள் இத்தனை கேள்வியும் அடைபட்டுக் கிடக்கின்றன.

இவற்றுக்கு வரிசையாக விடை எழுதுவதற்கென்றே ஒரு மருத்துவத் துறை இருக்கிறது. உடலியல் மருத்துவமும் மறுவாழ்வும், சுருக்கமாக பி.எம்.ஆர். எம்.பி.பி.எஸ். முடித்து மூன்று ஆண்டு எம்.டி. படித்த மருத்துவர்கள் இவர்கள். பிசியோதெரபிஸ்ட் செய்யும் வேலையை இவர்கள் செய்வதில்லை. நோயாளி எதை மீண்டும் செய்ய முடியும், எதற்கு மாற்று வழி வேண்டும் என்று கணித்து, பிசியோதெரபிஸ்ட், அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், செயற்கை அவயவம் செய்பவர், பேச்சுப் பயிற்சியாளர், மனநல ஆலோசகர் எல்லோரையும் ஒரே இலக்கை நோக்கி நடத்துவது இவர்களின் பொறுப்பு. தசை இறுக்கத்துக்கு ஊசி, நரம்பு வலிக்கு மருந்து, சிறுநீர்ப்பை மேலாண்மை, கருவிகளுக்கான பரிந்துரை ஆகியவையும் இவர்கள் கையில்தான்.

இந்தத் துறையை வளர்த்ததே போர்க்காலம்தான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படை வீரர்களைப் படுக்கையில் வைத்திருக்காமல் எழுப்பி நடமாட வைத்தவர் ஹோவர்ட் ரஸ்க். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களுக்கான பிரிவைத் தொடங்கினார் லுட்விக் குட்மன். அதே 1944-இல்தான் புனேயில் ராணுவத்தின் செயற்கை அவயவ மையமும் தொடங்கியது. 1917-இல் முதல் உலகப் போரில் ஊனமுற்ற வீரர்களுக்காக ஏற்பட்ட குவீன் மேரிஸ் தொழிற்பயிற்சி நிலையமும், இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர்களுக்காக 1974-இல் தொடங்கிய பாராப்ளீஜிக் மறுவாழ்வு மையமும் புனேயை ஒட்டிய கிர்க்கியில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு அடிபோட்டவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர், நியூயார்க் சென்று ரஸ்க்கின் நிறுவனத்தில் படித்துத் திரும்பினார். வேலூர் சிஎம்சியின் மறுவாழ்வு நிலையம் 1966-இல் அவர் முயற்சியில் எழுந்தது. சென்னை கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் தென்மாவட்டத்து முன்னாள் படைவீரர் ஒருவருக்கு, இப்படி ஒரு மருத்துவர் உண்டு என்பதே பல நேரம் தெரிவதில்லை.

திட்டம் எதை எண்ணுகிறது

இசிஹெச்எஸ் 2003 ஏப்ரல் 1-இல் தொடங்கியது. ஓய்வூதியம் பெறும் முன்னாள் படைவீரர் ஒருமுறை பங்களிப்புத் தொகை கட்டித் தானும் தன்னைச் சார்ந்தவர்களும் உறுப்பினர் ஆகலாம். 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கும் போர் விதவைகளுக்கும் அந்தத் தொகையும் கிடையாது. பொதுவாக முதலில் திட்டத்தின் சொந்த வெளிநோயாளர் மையமான பாலிகிளினிக் போக வேண்டும். அங்குள்ள மருத்துவர் தேவை என்று கண்டால் மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டு, அதாவது ரெஃபரல், தருவார். திட்டத்தோடு ஒப்பந்தம் செய்துள்ள மருத்துவமனைகளில் எது வேண்டும் என்பதை நோயாளி தேர்ந்துகொள்ளலாம். மருத்துவமனை, மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டமான சிஜிஹெச்எஸ்ஸின் கட்டணப்படி பில் போட்டு அரசிடம் பெற்றுக்கொள்ளும்.

மறுவாழ்வு மருத்துவத்துக்கு வரும் சங்கடமெல்லாம் இந்தக் கட்டண முறையில்தான் தொடங்குகிறது. சிஜிஹெச்எஸ் நெடுங்காலமாக 'பேக்கேஜ்' முறையில் எண்ணுகிறது. உயர்சிறப்பு அறுவைக்கு 12 நாள், மற்ற பெரிய அறுவைக்கு 7 நாள், சிறு துளை வழிச் செய்யும் லேப்ராஸ்கோப்பிக்கு 3 நாள், சிறு அறுவைக்கு ஒரு நாள். அறை, சாப்பாடு, மருந்து, மருத்துவர் பார்வை, அறுவை அரங்கு ஆகியவை அந்தத் தொகைக்குள் அடக்கம். பிசியோதெரபியும் அதற்குள்தான். அதாவது, அறுவை நடந்த மருத்துவமனை ஒரு நாள் பயிற்சி கொடுத்தாலும் ஆறு நாள் கொடுத்தாலும் கிடைக்கும் பணம் ஒன்றே. பயிற்சியில் நேரம் செலவிட அங்கே யாருக்கும் தூண்டுதல் இல்லை. பேக்கேஜ் முடிந்த மறுநாள் படுக்கையைக் காலி செய்யத்தான் தூண்டுதல் இருக்கிறது.

பக்கவாதத்தில் கைகால் இயக்கம் திரும்புவதில் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்தில் நடக்கிறது. முதுகுத்தண்டு அடிபட்டவருக்குச் சிறுநீர்ப்பையும் மலக்குடலும் ஓர் ஒழுங்குக்கு வரவே வாரங்கள் ஆகும். கால் எடுத்தவருக்கு மிஞ்சிய பகுதியான அடிக்கட்டை சுருங்கி வடிவம் நிலைக்க ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பிடிக்கும். ஒரு செயலுக்கு ஒரு தொகை என்று கட்டிய திட்டத்துக்குள் வாரக்கணக்கில் நடக்கும் இந்த வேலையைக் கொண்டுபோய் வைப்பதுதான் பி.எம்.ஆர். மருத்துவர் செய்ய வேண்டியது. அவர் துறை திட்டத்தின் பட்டியலில் ஏறினால் மட்டும் அது நடந்துவிடாது. ரெஃபரல், அளவீடு, பில், மருந்துச் சீட்டு ஒவ்வொன்றிலும் அந்த வாரங்கள் எழுத்தில் தெரிய வேண்டும்.

மருத்துவர் உள்ளே வரும் வழிகள்

தனி மருத்துவர் தன் பெயரில் ஒப்பந்தம் செய்வதில்லை, நிறுவனம்தான் செய்கிறது. ஆகவே வழி இரண்டு. ஏற்கெனவே இணைந்துள்ள மருத்துவமனையில் பி.எம்.ஆர். துறையைத் தொடங்கலாம். அல்லது மறுவாழ்வு மையமாகவே தனியே விண்ணப்பிக்கலாம். பாலிகிளினிக்குகளில் ஒப்பந்த அடிப்படையில் மருத்துவ அலுவலர், பொது மருத்துவ நிபுணர், மகப்பேறு நிபுணர், பல் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் போன்ற பணியிடங்களுக்கு ஆளெடுக்கிறார்கள். பி.எம்.ஆர். நிபுணருக்கு என்று வழக்கமான இடம் அந்த வரிசையில் இல்லை. இருந்திருந்தால் பாதிச் சிக்கல் வாசலிலேயே தீர்ந்திருக்கும் என்பது எங்கள் எண்ணம். மாதம் இரண்டு நாள் ஒருவர் பாலிகிளினிக்கில் உட்கார்ந்தாலே போதும்.

முதல் வழியில் ஒரு கண்ணி இருக்கிறது. மருத்துவமனை இணைக்கப்படும்போது எந்தெந்தத் துறைகளுக்கு என்று ஒப்பந்தத்தில் பட்டியல் இருக்கும். எலும்பு, நரம்பியல், இதயம் என்று மட்டும் அதில் இருந்தால், பிறகு பி.எம்.ஆர். மருத்துவரை வேலைக்கு வைத்துக்கொண்டாலும் அவர் பெயரில் வரும் ரெஃபரலுக்குப் பணம் வராது. புதிய துறையைச் சேர்க்கத் தனியே விண்ணப்பித்து ஒப்புதல் பெற்ற பிறகே நோயாளியை எடுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் சிகிச்சை கொடுத்துவிட்டு, பில் மொத்தமாகத் திரும்பி வந்தபின் விழிக்கும் நிர்வாகங்கள் உண்டு. அந்த நிலையில் சில இடங்களில் நோயாளியிடமே பணம் கேட்கிறார்கள். அது தவறு. ரெஃபரலோடு வந்தவரிடம் திட்டத்துக்குள் அடங்கும் சிகிச்சைக்குக் கையில் வாங்கக் கூடாது.

இரண்டாவது வழியில் தர ஆய்வு உண்டு. மருத்துவமனைத் தரத்துக்கான என்.ஏ.பி.ஹெச். சான்று உள்ள நிறுவனத்துக்கு ஒரு கட்டணம், இல்லாததற்கு அதைவிட 15 சதவீதம் குறைவு. ஆய்வுக்கு வருபவர்கள் கருவிகளைப் பார்ப்பதற்கு முன்பே கட்டடத்தைப் பார்ப்பார்கள். சரிவுப் பாதை 1-க்கு 12 என்ற வீதத்தில் இருக்க வேண்டும். கதவு 90 செ.மீ. அகலம் வேண்டும். சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 150 செ.மீ. வட்டம் வேண்டும். கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி இல்லாத மறுவாழ்வு மையங்களும் இருக்கின்றன என்பதால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. செயற்கை அவயவம் செய்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

ரெஃபரலில் என்ன எழுத வேண்டும்

பாலிகிளினிக் மருத்துவருக்கு வரிசையில் நிற்கும் கூட்டம் பெரிது. 'பிசியோதெரபிக்கு' என்று எழுதிவிட்டால் நோயாளி நேரே பயிற்சி மேசைக்குப் போவார், மருத்துவர் கணிப்பே நடக்காது. எழுத வேண்டியது இப்படி: நோய் என்ன, எந்தப் பக்கம், எத்தனை வாரம் ஆயிற்று, இப்போது என்ன முடியவில்லை, என்ன கேட்கிறோம். 'வலப்பக்கப் பக்கவாதம், 3 வாரம், தானே எழுந்து உட்கார முடியவில்லை, பி.எம்.ஆர். மதிப்பீடு, உள்நோயாளியாக மறுவாழ்வு தேவையா என முடிவு செய்யவும்.' இவ்வளவு போதும். தேதியும் முத்திரையும் துறையின் பெயரும் தெளிவாக இருக்கின்றனவா என்று குடும்பத்தார் கவுண்டரைவிட்டு நகருமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். ரெஃபரலுக்குக் காலவரம்பு உண்டு. அது முடிந்தபின் போட்ட பயிற்சிக்குப் பணம் நிற்கும்.

கணக்கெடுப்பு எண்ணில் இருக்க வேண்டும். 'முன்னேற்றம் தெரிகிறது' என்று எழுதினால் பில்லைச் சரிபார்ப்பவருக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. அன்றாட வேலைகளைத் தானே செய்யும் திறனை அளக்கும் பார்த்தெல் அளவுகோலில் 100-க்கு 35-இல் இருந்தவர் இரண்டு வாரத்தில் 55-க்கு வந்தார், அடுத்த இலக்கு கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஒருவர் துணையோடு மாறுவது, அதற்கு இன்னும் 10 நாள் வேண்டும் என்று எழுதினால் தங்கும் நாளை நீட்டிக்க அதுவே காரணம் ஆகும். அளவு இரண்டு வாரமாக அசையவில்லை என்றால் அதையும் எழுதி, பயிற்சியை வீட்டுக்கு மாற்றுவதே நேர்மை. சேர்ந்த அன்றும் அதன்பின் வாரம் ஒருமுறையும் இந்த எண் எடுக்காத மையங்களின் கோரிக்கைகளில்தான் 'கூடுதல் விவரம் தேவை' என்ற கேள்வி அதிகம் வருகிறது. மாதங்கள் கழித்து அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் பழைய தாளில் ஒன்றும் இருக்காது.

கால் எடுத்தவர்கள்

முன்னாள் படைவீரர் என்றதும் கண்ணிவெடியில் கால் போனவர் நினைவுக்கு வருவார். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பாலிகிளினிக்குக்கு வரும் அறுபது எழுபது வயதுக்காரர்களின் காலைப் பறிப்பது பெரும்பாலும் சர்க்கரை நோயும் அடைத்த ரத்தக் குழாயும்தான். இரண்டு பேருக்கும் வேலை முதல் வாரத்திலேயே தொடங்குகிறது.

அடிக்கட்டையில் வீக்கம் வடிந்து கூம்பு வடிவம் வர எலாஸ்டிக் கிரேப் துணியை எட்டு வடிவில் சுற்ற வேண்டும். முழங்காலுக்குக் கீழ் என்றால் 10 செ.மீ. அகலத் துணி, மேலே என்றால் 15 செ.மீ. நுனியில் இறுக்கம் அதிகம், மேலே போகப்போகத் தளர்வு. நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்துச் சுற்ற வேண்டும். வட்டவட்டமாகச் சுற்றினால் நடுவில் நெரித்து, நுனி உருண்டை கட்டிக்கொள்ளும். அந்த வடிவத்துக்குச் செயற்கைக் காலில் அடிக்கட்டை நுழையும் கிண்ணமான சாக்கெட் பொருந்தாது. வலிக்குது என்று முழங்காலுக்கடியில் தலையணை வைப்பது வீட்டுக்கு வீடு நடக்கும் தவறு. மூட்டு மடங்கியபடியே இறுகிவிட்டால் செயற்கைக் காலே போட முடியாமல் போகலாம். தலையணையை எடுத்துவிட்டு, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை பதினைந்து முதல் முப்பது நிமிடம் குப்புறப் படுக்க வைப்பது நல்லது.

காயம் ஆறிய பிறகு, பொதுவாக ஆறு முதல் எட்டு வாரத்தில், முதல் செயற்கைக் கால். இதை நிரந்தரக் கால் என்று நினைத்து வாங்குவதுதான் பெரிய நஷ்டம். அடிக்கட்டை தொடர்ந்து சுருங்கும். சாக்கெட் தளரும்போது சாக்ஸ் கூட்டிக்கொள்வார்கள். சாக்ஸ் கனம் 10 பிளையை (பிளை என்பது சாக்ஸின் தடிமன் அளவு) தாண்டிவிட்டால் சாக்கெட்டை மாற்றியே ஆக வேண்டும். மாற்றாமல் நடந்தால் எலும்பு நுனி அடியில் இடித்துப் புண் வரும். சர்க்கரை உள்ளவருக்கு அந்தப் புண் அடுத்த அறுவைக்கு இழுத்துக்கொண்டு போகும். ஆகவே பரிந்துரை எழுதும்போதே 'முதல் கால், ஆறு மாதத்தில் சாக்கெட் மறுமதிப்பீடு' என்று எழுத வேண்டும். முதல் தாளில் அது இல்லையென்றால் 'போன வருடம்தானே கால் வாங்கினீர்கள்' என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

எந்தப் பாதம் என்பதில் விலையைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. முழங்காலுக்குக் கீழ் ஒரு கால் போனவர் நடக்கச் சுமார் 25 சதவீதம் கூடுதல் சக்தி செலவழிக்கிறார். முழங்காலுக்கு மேல் என்றால் அது சுமார் 65 சதவீதம். எழுபது வயதில் இதயம் பலவீனமானவருக்கு வீட்டுக்குள் நடக்கக் காலும் வெளியே போகச் சக்கர நாற்காலியும் சரியான பரிந்துரை. மேலூர்ப் பக்கம் வரப்பில் நடந்து வயல் பார்ப்பவருக்கு ஜெய்ப்பூர் பாதம் பொருந்தும். செருப்பில்லாமல் நடக்கலாம், ஈரத்தில் இறங்கலாம், குந்தி உட்காரலாம். ஷூ போட்டே பயன்படுத்த வேண்டிய இறக்குமதிப் பாதத்தை அவருக்குக் கொடுத்தால் அது பரணில் ஏறும். அடிக்கட்டைக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் சிலிக்கோன் உறையான லைனர் போட்டவர்களுக்கு மதுரை வெயிலில் உள்ளே வியர்வை தேங்கித் தோல் ஊறிப்போகும். தினமும் இரவில் சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்த வேண்டும், மாற்றுக்கு இன்னொன்று வேண்டும். இரண்டு லைனராகப் பரிந்துரைப்பது ஆடம்பரம் ஆகாது.

மிச்சமிருக்கும் காலை மறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு வருகையிலும் 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையால் பாதத்தில் உணர்ச்சி பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்திருந்தால் மென்மையான ரப்பர் அடி கொண்ட எம்.சி.ஆர். செருப்பு. பணியில் இருந்தபோது கால் இழந்தவருக்குப் புனே செயற்கை அவயவ மையத்தின் வழி திறந்தே இருக்கிறது. அங்கே அனுபவம் அதிகம். ஆனால் மதுரையிலிருந்து ஒரு நாளுக்கு மேல் ரயில் பயணம். புது அவயவத்துக்குப் புனே, சாக்கெட் திருத்தம், பட்டை மாற்றம், தோல் புண் ஆகியவற்றுக்கு மதுரை என்று பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது.

முதுகுத்தண்டு

முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் எண்ணிக்கையில் குறைவு. கவனக்குறைவால் உயிர் போகும் ஆபத்து இவர்களுக்குத்தான் அதிகம். கட்டிலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். சக்கர நாற்காலியில் பதினைந்து முதல் முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் சாய்ந்து ஒன்றிரண்டு நிமிடம் புட்டத்தின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். படுக்கைப்புண் வந்து அறுவை செய்தால் மாதக்கணக்கில் படுக்கை. ஒரு நல்ல குஷனின் விலை அதில் சிறு பங்குகூட வராது. அப்படியிருந்தும் பரிந்துரையில் 'சக்கர நாற்காலி 1' என்று மட்டும் எழுதி, குஷனின் வகையை விட்டுவிடுகிறார்கள். இருக்கையின் அகலம், ஆழம், கால்தாங்கி உயரம், குஷன் நான்கையும் அளந்து எழுத வேண்டும்.

நிரந்தரக் குழாயைவிட, நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே சுத்தமான குழாய் விட்டுச் சிறுநீர் எடுப்பது சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பானது. ஒரு தடவைக்கு 500 மி.லி.-ஐத் தாண்டாதபடி தண்ணீர் அளவைப் பழக்க வேண்டும். சித்திரை வெயிலில் நிறையக் குடித்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். வருடம் ஒருமுறை சிறுநீரக ஸ்கேன்.

குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசரம் ஒன்று உண்டு. மார்புத் தண்டுவடத்தின் ஆறாம் மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குக் குழாய் அடைத்தாலோ மலம் கட்டினாலோ ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவப்பு, வியர்வை. உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அழுத்தம் இறங்காவிட்டால் பக்கத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், அது இசிஹெச்எஸ்ஸில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அவசரத்துக்கு ரெஃபரல் தேவையில்லை. இணையாத மருத்துவமனையில் சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லி, சொன்னதற்குச் சான்று வைத்துக்கொள்ள வேண்டும். இந்த அவசரத்தை எல்லா டியூட்டி டாக்டரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால், என்ன செய்ய வேண்டும் என்று பி.எம்.ஆர். மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் குறிப்பு வீட்டில் இருக்க வேண்டும்.

தசை இறுக்கத்துக்கு பாக்லோஃபென் சாப்பிடுபவர்கள் நிறையப் பேர். இதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். பாலிகிளினிக் மருந்தகத்தில் ஒரு மாதம் கையிருப்பு இல்லாமல் போவது நடக்கக்கூடியதே. அப்போது 'இல்லை' என்று எழுதி வாங்கி, அங்கீகரிக்கப்பட்ட உள்ளூர் மருந்துக் கடை வழியாகவோ, வாங்கிப் பின்பு பணம் திரும்பப் பெறும் வழியிலோ அன்றைக்கே பெற வேண்டும். அடுத்த வாரம் வரும் என்று காத்திருக்கக் கூடாது. சீட்டிலேயே 'திடீர் நிறுத்தம் ஆபத்து' என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மருந்தகத்தில் பேசுவது சுலபம். இறுகிய தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசிக்கு வேறு விதமான திட்டமிடல் வேண்டும். பலன் மூன்று நாலு மாதம்தான் நிற்கும், விலையும் அதிகம், முன் அனுமதிக்கு நேரம் பிடிக்கும். அனுமதி வந்த பிறகு பயிற்சிக்கு நாள் தேடினால் ஊசியின் பாதிப் பலன் வீணாகும். ஊசியும் அதன்பின் பயிற்சி வாரங்களும் ஒரே விண்ணப்பத்தில் போக வேண்டும்.

தூரம்

அமெரிக்காவில் 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முன்னாள் படைவீரர் துறையின் சொந்த மருத்துவமனைக்குச் சிறப்பு சிகிச்சைக்காகக் காரில் சராசரியாக 60 நிமிடத்துக்கு மேல் போக வேண்டியிருந்தாலோ, 28 நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தாலோ, வெளியிலுள்ள தனியார் மருத்துவரிடம் அரசுச் செலவில் போகலாம். அங்குள்ள மறுவாழ்வு மருத்துவர்கள் அந்த வெளி வலையமைப்பில் சேர்வது இதனால்தான் பேசுபொருள் ஆயிற்று. நம் திட்டத்தில் தனியார் மருத்துவமனை தொடக்கத்திலிருந்தே உண்டு. தூரத்துக்கும் காத்திருப்புக்கும் இப்படி ஓர் அளவுகோல் மட்டும் இல்லை. அங்கே நேர்ந்த ஒரு சிக்கல் இங்கேயும் வரும். வெளி மருத்துவர் பார்த்த குறிப்பு, அனுப்பிய இடத்துக்குத் திரும்புவதில்லை. பி.எம்.ஆர். மருத்துவர் எழுதிய திட்டம் பாலிகிளினிக் கோப்பில் இல்லையென்றால் அடுத்த ரெஃபரல் மறுபடி 'பிசியோதெரபிக்கு' என்றே வரும்.

உசிலம்பட்டி மதுரையிலிருந்து சுமார் 40 கி.மீ., பேரையூர் சுமார் 50. நடக்க முடியாதவரை வாரம் ஐந்து நாள் கார் வைத்துக் கொண்டுவருவது ஓய்வூதியத்தில் கட்டுபடியாகாது. இரண்டு வாரம் உள்நோயாளியாகத் தீவிரப் பயிற்சி கொடுத்து, வீட்டிலிருப்பவர் ஒருவருக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்து, பிறகு மாதம் ஒரு நாள் வரச்சொல்வதே கிராமத்துக்குப் பொருந்தும். அந்த ஒரு நாளில் மருத்துவர், அவயவம் செய்பவர், தேவையானால் சிறுநீரக ஸ்கேன் மூன்றும் முடிய வேண்டும். நடுவில் வரும் வாரங்களுக்கு, 2021 ஆகஸ்டில் மாநில அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவார். முன்னாள் படைவீரர் என்பதால் அதிலிருந்து யாரும் ஒதுக்கப்படவில்லை. வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து, பி.எம்.ஆர். மருத்துவர் எழுதிய பயிற்சித் தாளை அவரிடம் காட்டினால் இரண்டும் ஒன்றாகும்.

வீட்டை மாற்றும் வேலையும் பரிந்துரையில் சேர வேண்டும். வாசலில் மூன்று படி, 45 செ.மீ. உயரம் என்றால் சரிவுப் பாதை 5.4 மீட்டர் நீளம் வேண்டும். அவ்வளவு இடம் பெரும்பாலான கிராமத்து வாசலில் இல்லை. அப்போது பக்கவாட்டில் ஒருமுறை திருப்பிக் கட்டலாம், இல்லையென்றால் கொல்லைப்புறம் வழியாக விடலாம். கொத்தனார் சொல்வதைக் கேட்டு இரண்டு மீட்டரில் செங்குத்தாகப் போட்ட சரிவில் நாற்காலி பின்னால் கவிழ்ந்துவிடும்.

சார்ந்தோர்

திட்டத்தின் பயனாளிகளில் மனைவியும் பெற்றோரும் பிள்ளைகளும் அடக்கம் என்பதால், மூளை முடக்குவாதக் குழந்தைகளும் இந்த மருத்துவரிடம் வருவார்கள். மகனுக்கு 25 வயதோடு பயன் நின்றுவிடும். நிரந்தர ஊனம் உள்ளவராக இருந்தால் அந்த வரம்பு இல்லை. அதற்கு மாற்றுத்திறனாளி சான்றிதழும் மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூடிஐடியும் வேண்டும். சான்றில் சதவீதத்தோடு நிரந்தரம் என்ற சொல்லும் இருக்க வேண்டும், தற்காலிகச் சான்று செல்லாது. தகப்பனார் உயிரோடு இருக்கும்போதே பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்க்கவும், தனி இசிஹெச்எஸ் அட்டை வாங்கவும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு கொடுத்துவிட வேண்டும். அவர் போன பிறகு ராணுவப் பதிவேட்டு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி நிரூபிப்பது, படிப்பறிவு குறைந்த ஒரு தாய்க்கு வருடக்கணக்கில் அலைச்சலாகும்.